மனிகால் செருப்புத் தையல்காரரின் மகன்: ஓர் ஐரிஷ் வேர் கிடைத்த விதம்

அமெரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் 'பிறந்த இடம்' என்று ஒரு கட்டம் உண்டு. 1850இலிருந்து அது இருக்கிறது. அயர்லாந்திலிருந்து வந்தவர் என்றால் அதில் ஒரே ஒரு சொல்தான் எழுதியிருப்பார்கள்: அயர்லாந்து. எந்த மாவட்டம், எந்த ஊர் என்ற பேச்சே இருக்காது. கணக்கெடுக்க வந்தவருக்கு அவ்வளவு போதும். நூற்றைம்பது வருஷம் கழித்து அதே ஆளைத் தேடி வருகிற கொள்ளுப்பேரனுக்குப் போதாது.

ஐரிஷ் மூதாதையரைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தச் சொல்லில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கையில் இருப்பது ஒரு குடும்பப் பெயர். மர்ஃபி, கெல்லி, ரையன், சல்லிவன், இப்படி ஏதோ ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பெயர் வாசல்வரை கூட்டிக்கொண்டு போகும், அவ்வளவுதான். உள்ளே போக வேறு சில சாவிகள் வேண்டும். அவை என்னென்ன என்பதற்கு ஃபால்மத் கார்னியின் கதையைவிடத் தெளிவான ஒன்றை நான் பார்த்ததில்லை. ஒரு செருப்புத் தையல்காரரின் மகன், 1850இல் கப்பலேறியவர் அவர். அமெரிக்காவின் 44ஆவது ஜனாதிபதி பராக் ஒபாமாவின் தாய்வழி முன்னோர்.

பின்னோக்கி ஐந்து படி

வம்சாவளி தேடுவதில் மீறக்கூடாத விதி ஒன்று உண்டு: தெரிந்தவரிடமிருந்து தெரியாதவருக்குப் போக வேண்டும். 'எங்கள் முன்னோர் ஒரு ஐரிஷ் மன்னர்' என்று மேலிருந்து தொடங்கிக் கீழே இறங்கினால் வழியில் யாரை வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். அப்படிக் கோத்த மாலைகள் உலகத்தில் நிறைய உண்டு.

ஒபாமாவின் விஷயத்தில் கீழேயிருந்து தொடங்கினார்கள். ஒபாமாவின் தாய் ஆன் டன்ஹம். அவருடைய அப்பா, கான்சஸ் மாநிலத்தில் பிறந்த ஸ்டான்லி டன்ஹம். ஸ்டான்லியின் அப்பா ரால்ஃப் டன்ஹம். ரால்ஃபின் அம்மா மேரி ஆன் கார்னி. மேரி ஆனின் அப்பா ஃபால்மத் கார்னி. அம்மா, அம்மாவின் அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கு அம்மா, அவருக்கு அப்பா என்று ஐந்து படி. மேரி ஆன் 1890இல் இந்தியானா மாநிலத்தின் டிப்டன் மாவட்டத்தில் ஜேக்கப் வில்லியம் டன்ஹமைக் கல்யாணம் செய்துகொண்டதும் கார்னி என்ற பெயர் டன்ஹமுக்குள் கரைந்துவிட்டது. அப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கிளை கண்ணிலேயே பட்டிருக்காது.

ஐந்தாவது படியில் நிற்பவர்கள் மொத்தம் 32 பேர். ஃபால்மத் அந்த 32இல் ஒருவர். கணக்குப் போட்டால் சுமார் 3 சதவீதம். 'ஒபாமா ஐரிஷ்காரர்' என்று சொல்லும்போது இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதே சமயம், அயர்லாந்துக்குப் போய்ச் சேருகிற ஒரு நூல் உறுதியாக இருந்தால் போதும், அது எத்தனை சதவீதம் என்று தேடுகிறவர் யாரும் கவலைப்படுவதில்லை என்பதும் உண்மை.

அமெரிக்கப் பக்கத்து வேலை ஓரளவு சுலபம்தான். பத்து வருஷத்துக்கு ஒரு கணக்கெடுப்பு, மாவட்ட நீதிமன்றத்தில் கல்யாணப் பதிவுகள், நிலப் பத்திரங்கள், உயில்கள், கல்லறைக் கற்கள் எல்லாம் இருக்கின்றன. 1890 கணக்கெடுப்பு மட்டும் பெரும்பாலும் இல்லை. 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அதன் பெரும்பகுதி கெட்டுப்போய், மிச்சத்தையும் பிற்பாடு அழித்துவிட்டார்கள். சரி, அதைத் தாண்டிவிடலாம்.

ஃபால்மத் 1850 மார்ச் 20ஆம் தேதி 'மார்மியன்' என்ற கப்பலில் நியூயார்க் வந்து இறங்கினார். வயது பத்தொன்பதை ஒட்டி. தொழில் என்ற இடத்தில் கூலியாள் என்று இருக்கிறது. ஒஹாயோ போய், 1852இல் சார்லட் ஹாலோவே என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு, பிறகு இந்தியானாவுக்குக் குடிபெயர்ந்து, விவசாயம் பார்த்து, 1878இல் இறந்துபோனார். ஆக, அயர்லாந்திலிருந்து கடல் தாண்டியவர் யார் என்பது தெரிந்துவிட்டது. எங்கிருந்து கிளம்பினார்? மறுபடியும் அதே கட்டம், அதே ஒரு சொல்.

கார்னி என்றால் எந்த கார்னி?

இங்கேதான் குடும்பப் பெயரை நம்புகிறவர்கள் தடுக்கி விழுவார்கள்.

ஐரிஷ் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் ஒரு மூதாதையின் பெயரிலிருந்து கிளைத்தவை. 'மக்' என்றால் மகன். 'ஓ' என்றால் பேரன், அதாவது வழிவந்தவன். பெண்களுக்கு ஐரிஷ் மொழியில் அது 'நிக்' என்றும் 'நீ' என்றும் மாறும். அண்ணனும் தங்கையும் ஐரிஷில் கையெழுத்துப் போட்டால் வேறு வேறு பெயர்போலத் தெரியும். 17, 18ஆம் நூற்றாண்டுகளில், ஆங்கிலேய ஆட்சியும் ஆங்கில மொழியும் இறுகிய காலத்தில், பல குடும்பங்களில் இந்த 'ஓ'வும் 'மக்'கும் உதிர்ந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழி மறுமலர்ச்சி வந்தபோது சிலர் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள், சிலர் விட்டுவிட்டார்கள். அதனால் 1840இல் சல்லிவன், 1901இல் ஓ'சல்லிவன் என்று இருந்தால் குழம்பத் தேவையில்லை. ஒரே வீடாக இருக்கலாம்.

இதைவிட மோசமான சிக்கல், வேறு வேறு ஐரிஷ் பெயர்கள் ஆங்கில எழுத்தில் ஒன்றாகிப்போனது. கார்னியையே எடுத்துக்கொள்வோம். நாட்டின் நடுப்பகுதியில் 'ஓ கஹர்னி' என்று ஒரு குலம். அந்தச் சொல்லுக்குப் போர்க்குணம் உள்ளவன் என்று பொருள். டிப்பரரியின் கேஷல் பக்கம் 'ஓ க்யார்னி' என்று இன்னொரு குலம். அந்தச் சொல்லுக்கு வெற்றி பெற்றவன் என்று பொருள். இரண்டுக்கும் உறவு கிடையாது. ஆங்கிலத்தில் இரண்டுமே கார்னி. எழுத்திலும் இரண்டு மூன்று விதம். அமெரிக்கர் பலர் எழுத்தைப் பார்த்துக் கியர்னி என்றே வாசிப்பார்கள். அயர்லாந்தில் பொதுவாகக் கார்னிதான்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஒரே பெயர் மொழிபெயர்ந்து இரண்டாகிவிடும். கொல்லன் மகன் என்று பொருள்படும் 'மக் கவன்' சிலரிடம் மெக்கவன் ஆனது. சிலரிடம் நேராக ஸ்மித் ஆகிவிட்டது. ஸ்மித் என்ற பெயரைக் கண்டதும் இங்கிலாந்துப் பக்கம் தேடப் போனவர்கள் எத்தனை பேரோ.

அப்புறம் எண்ணிக்கை. டப்ளினில் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய ராபர்ட் மேத்தசன் 1890இல் பதிவான பிறப்புகளை வைத்து ஒரு பெயர்க் கணக்கு எடுத்து 1894இல் வெளியிட்டார். அந்த ஒரே வருஷத்தில் பிறந்த மர்ஃபிகள் மட்டும் 1,386. டிப்பரரியில் ரையன்கள் அத்தனை நெருக்கம். ரையன் என்று கூப்பிட்டால் யார் திரும்புவது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு கிளைக்கும் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். செம்பட்டை முடி ரையன், வெளுத்த முடி ரையன் என்பதுபோல. சில இடங்களில் அந்தப் பட்டப்பெயர் பதிவேடுவரை ஏறியிருக்கிறது. பட்டப்பெயர் தெரிந்த குடும்பத்துக்கு அது பொக்கிஷம்.

ஆனால் ஃபால்மத்? அது கார்ன்வாலில் உள்ள ஒரு துறைமுகத்தின் பெயர். ஜான், பேட்ரிக், மைக்கேல், தாமஸ் என்று நிரம்பி வழிகிற பதிவேடுகளில் இப்படி ஒரு பெயர் எழுந்து நிற்கும். எழுதுகிறவர்கள் அதை ஃபுல்மத், ஃபுல்மூத் என்றெல்லாம் கொலை செய்திருக்கிறார்கள், ஆனாலும் அடையாளம் தெரிகிறது. இந்த ஆய்வில் குடும்பப் பெயரைவிட முதல் பெயர்தான் அதிகம் உழைத்தது. உங்கள் குடும்பத்தில் விநோதமான பெயருள்ள ஒரு சித்தப்பா இருந்தால், நேர் முன்னோரை விட்டுவிட்டு முதலில் அவரைத் தேடுங்கள்.

பெயரை மட்டும் நம்பினால்

ஒபாமாவின் வேரைத் தேடுவதற்குச் சற்று முன்பு அம்பலமான வேறொரு விவகாரத்தைச் சொல்லியாக வேண்டும். 1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கில் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது, வரிசையில் முதலாவதாக நின்றவர் ஆனி மூர். கார்க் பகுதிப் பெண், 17 வயது, கூட இரண்டு தம்பிகள். பத்து டாலர் தங்கக் காசு கொடுத்து வரவேற்றார்கள். பின்னாளில் அவருக்குச் சிலைகளும் வைத்தார்கள்.

அவர் பிற்பாடு என்ன ஆனார் என்பதற்கு வெகுகாலம் சொல்லப்பட்ட கதை: டெக்சாஸ் போனார், அங்கே கல்யாணம் செய்துகொண்டார், 1923இல் வண்டியில் அடிபட்டு இறந்தார். டெக்சாஸ் குடும்பத்தின் வாரிசுகளை விழாக்களுக்குக்கூடக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் தாள்களைத் துருவியபோது அந்த டெக்சாஸ் ஆனி மூர் அமெரிக்காவிலேயே, இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர் என்று தெரிந்தது. அயர்லாந்திலிருந்து வரவே இல்லை! 2006இல் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்து, நியூயார்க் நகரப் பதிவுத் துறையின் உதவியோடு, உண்மையான ஆனியை அவர் கண்டுபிடித்தார். அந்த ஆனி மன்ஹாட்டனை விட்டு எங்கும் போகவில்லை. அங்கேயே கல்யாணம், அங்கேயே பிள்ளைகள், 1924இல் மரணம், குவீன்ஸில் கல்லறை.

ஆனி என்பதும் பொதுப் பெயர், மூர் என்பதும் பொதுப் பெயர். பெயரும் வயதும் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும் என்று யாரோ ஒருமுறை நினைத்தார்கள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள். நம் காலத்து இணைய வம்சாவளி மரங்களிலும் இதேதான் நடக்கிறது. நாற்பது பேர் ஒரே தவறை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவிட்டு, நாற்பது பேர் சொல்கிறார்களே என்று அதையே சாட்சியாகக் காட்டுகிறார்கள்.

ஒபாமாவின் ஐரிஷ் கிளையைத் துருவியவரும் இதே ஸ்மோலென்யாக்தான்.

பக்கவாட்டில் ஓர் உயில்

ஃபால்மத்தின் தாள்களில் ஊர் பெயர் கிடைக்காதபோது ஸ்மோலென்யாக் பக்கவாட்டில் நகர்ந்தார். இதுதான் இந்த வேலையின் உண்மையான சூட்சுமம். நேர் முன்னோர் வாய் திறக்காவிட்டால் அவருடைய அண்ணன், சித்தப்பா, மச்சான், கூடக் கப்பலேறியவர், கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் என்று ஒவ்வொருவரையும் விசாரிக்க வேண்டும்.

ஃபால்மத் தனியாக வரவில்லை. அவருடைய அக்கா மார்கரெட்டும் அக்காள் கணவர் வில்லியம் கிளியரியும் அதே பயணத்தில் இருந்தார்கள். அதற்கு முந்தின வருஷமே, 1849இல், அப்பா ஜோசப் கார்னி வந்துவிட்டார். 1851இல் அம்மா ஃபீபியும் மற்ற பிள்ளைகளும் வந்தார்கள். மூன்று வருஷத்தில், மூன்று தவணையில், ஒரு குடும்பம் மொத்தமும் பெயர்ந்திருக்கிறது. முதலில் ஒருவர் போய்க் காலூன்றி, பிறகு அடுத்தவருக்கு வழி செய்கிற இந்த முறையை அயர்லாந்து முழுக்கப் பார்க்கலாம்.

ஜோசப் ஏன் கிளம்பினார்? அவருடைய சகோதரர் பிரான்சிஸ் கார்னி முன்பே ஒஹாயோவில் குடியேறி நிலம் வாங்கியிருந்தார். இறக்கும்போது அந்த நிலத்தை ஜோசப்புக்கு எழுதி வைத்திருந்தார். அந்த ஒஹாயோ கார்னிகளின் தாள்களைப் புரட்டியதில்தான் மனிகால் என்ற ஊர் கிடைத்தது.

இது பஞ்ச காலம். 1845இலிருந்து உருளைக்கிழங்கு அழுகி, பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேல் பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டு ஓடிய காலம். 1850இல் கப்பலேறிய ஐரிஷ்காரன் என்றால் நம் மனதில் ஒரு படம் தானாக வந்து உட்கார்ந்துவிடுகிறது: கத்தோலிக்கக் குத்தகை விவசாயி, பட்டினி, கிழிந்த சட்டை. கார்னி குடும்பம் அந்தப் படத்துக்குள் அடங்கவில்லை. கைத்தொழில் தெரிந்த குடும்பம். கடலுக்கு அப்பால் நிலம் காத்திருந்தது. கத்தோலிக்கரும் அல்லர், அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கர்தான் என்று நினைத்துக்கொண்டு கத்தோலிக்கப் பதிவேடுகளைப் புரட்டியிருந்தால் பத்து வருஷம் புரட்டினாலும் கிடைத்திருக்க மாட்டார்கள். ஐரிஷ் தேடலில் ஊருக்கு அடுத்தபடி மதம்தான் கேள்வி. நமக்குக் கூச்சமாக இருந்தாலும், எந்த அலமாரியைத் திறப்பது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

ஊர் என்றால் எந்த அளவு ஊர்?

மனிகால் என்ற பெயருக்கும் ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் சொல்லுக்கும் சம்பந்தமில்லை. 'முனெ கால்' என்ற ஐரிஷ் பெயர் அது. அன்னியர்களின் புதர்க்காடு என்று பொருள். ஆஃபலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில், டிப்பரரி எல்லையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. ஆஃபலிக்கு ஆங்கிலேயர் காலத்தில் கிங்ஸ் கவுண்டி என்று பெயர். பழைய தாளில் அப்படித்தான் இருக்கும், இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. எல்லை ஊர் என்பதால் அடுத்த மாவட்டத்து ஆவணங்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கொஞ்சம் முன்பு சொன்ன இரண்டு கார்னிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குலம் நாட்டின் நடுப்பகுதிக்காரர்கள், இன்னொன்று டிப்பரரிக்காரர்கள். மனிகால் அந்த இரண்டும் சந்திக்கிற இடம். பெயரை வைத்து எந்தப் பக்கத்தவர் என்று சொல்லியிருக்கவே முடியாது.

அயர்லாந்தில் மாவட்டத்துக்குக் கீழே பேரனி, அதற்குக் கீழே சிவில் பாரிஷ், அதற்கும் கீழே டவுன்லேண்ட் என்று போகும். பெயரில் டவுன் இருந்தாலும் அது பட்டணம் அல்ல. சில நூறு ஏக்கர் நிலத்துக்கு ஒரு பெயர், அவ்வளவுதான். நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. நிலத் தீர்வை, குத்தகை, கணக்கெடுப்பு எல்லாம் டவுன்லேண்ட் வாரியாகத்தான். திருச்சபைக் கணக்கு தனி. கத்தோலிக்கருக்குப் பங்கு ஒன்று, ஆங்கிலிக்கன்காரர்களுக்குச் சேகரம் ஒன்று. இரண்டின் எல்லையும் ஒன்றோடொன்று பொருந்தாது.

1823 முதல் 1837 வரை எடுத்த தசமபாக வரிக் கணக்கும், 1847 முதல் 1864 வரை ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய நில மதிப்பீடும் இந்த டவுன்லேண்ட் வாரியானவை. கிரிஃபித்தின் மதிப்பீடு நம்மூர் அடங்கல் மாதிரி: யார் குடியிருக்கிறார், யாரிடம் குத்தகை, வீடா நிலமா, எத்தனை ஏக்கர், என்ன மதிப்பு. ஆனால் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே. மனைவி, பிள்ளைகள் இல்லை. 1849இலேயே போய்விட்ட ஜோசப் மாதிரி ஆட்களை அதில் எதிர்பார்க்கக்கூடாது. ஊரில் தங்கிவிட்ட சொந்தங்களைத்தான் அது காட்டும்.

எரிந்ததும் எரியாததும்

சரி, ஊர் தெரிந்துவிட்டது. இனி அந்த ஊர்ச் சேகரத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டியதுதானே? வேறு நாடாக இருந்தால் அப்படித்தான். அயர்லாந்தில் அதற்கு நடுவே 1922 ஜூன் 30 நிற்கிறது.

டப்ளினில் லிஃபி ஆற்றங்கரையில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகம். அதற்குள்தான் பொது ஆவணக் காப்பகம். 1867இல் தொடங்கியது. தேசத்தின் தாள்களைப் பத்திரமாக ஓரிடத்தில் வைக்கவேண்டும் என்பதற்காகவே கட்டியது. 1869 சட்டத்தால் அயர்லாந்தின் ஆங்கிலிக்கன் சபை அரசுச் சபை என்ற தகுதியை இழந்தபோது, அதன் பழைய பதிவேடுகள் அரசு ஆவணங்கள் என்று அறிவிக்கப்பட்டன. அவற்றைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பாதுகாப்பான இடம் இருப்பதாகக் காட்டிய சேகரங்கள் மட்டும் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பொறுப்பான குருவானவர்கள் பலர் ஒழுங்காகக் கட்டி அனுப்பினார்கள்.

உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், பிரிட்டனோடு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்த ஐரிஷ் படையினர் அந்த வளாகத்தைப் பிடித்து வைத்திருந்தார்கள். ஜூன் 28ஆம் தேதி புதிய அரசின் படை பீரங்கியால் சுடத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்துப் பெரிய வெடிப்பு, தீ. கருகிய தாள்கள் காற்றில் பறந்து நகரமெங்கும் விழுந்தன. சில பல மைல் தள்ளி ஹோத் கடற்கரை வரைக்கும் போயின என்கிறார்கள். சுமார் ஆயிரம் சேகரங்களின் பதிவேடுகள், 1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய அனைத்தும், நூற்றாண்டுக் கணக்கான உயில்கள், எல்லாம் போயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளையாவது பீரங்கி அழித்தது என்று சொல்ல முடியாது. 1861, 1871 தாள்களை அரசே அழித்தது. 1881, 1891 தாள்களை முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கிவிட்டார்கள். முழுசாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 இரண்டும்தான்.

மனிகால் கார்னிகள் சேர்ந்திருந்த டெம்பிள்ஹாரி சேகரத்தின் பழைய பதிவேடுகள் டப்ளினுக்குப் போகவில்லை. ஊரிலேயே இருந்தன. 2007இல் ஸ்மோலென்யாக் அங்கே பொறுப்பிலிருந்த குருவானவரைத் தொடர்புகொண்டு கேட்டபோது, சபையைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டில் அவை பத்திரமாக இருந்தன. 18ஆம் நூற்றாண்டு வரைக்கும் பின்னால் போகிற ஏடுகள். தேசத்தின் பெட்டகத்துக்குப் போனவை சாம்பலாகின, ஒரு பாட்டி வீட்டில் கிடந்தவை பிழைத்தன. குருவானவர் பக்கம் பக்கமாகப் பார்த்து, மனிகால் கார்னி குடும்பத்தைக் கண்டுபிடித்தார். தொழில் செருப்புத் தையல். அமெரிக்கத் தாள்கள் சொன்ன குடும்பமும் ஐரிஷ் ஏடு சொன்ன குடும்பமும் ஒன்றோடொன்று பூட்டும் சாவியுமாகப் பொருந்தின.

இப்படிப் பொருந்துவதைத்தான் சான்று என்கிறோம். ஒரு பெயர் ஒத்துப்போனால் போதாது. அப்பா, அம்மா, அண்ணன் தம்பிகள், தொழில், மதம், ஊர், கிளம்பிய வருஷம் என்று ஒரு கொத்தாக ஒத்துப்போக வேண்டும். அதில் ஒன்று முரண்பட்டாலும் நின்று யோசிக்க வேண்டும்.

கிழவர்கள் காப்பாற்றிய தாள்கள்

1922 தீயைச் சொல்லிவிட்டு எல்லாம் போச்சு என்று கையை விரிப்பவர்களுக்கு ஒரு விஷயம். 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது. எழுபது வயது ஆகியிருக்க வேண்டும். அயர்லாந்தில் அரசுப் பிறப்புப் பதிவு தொடங்கியதே 1864இல்தான். எழுபது வயதுக்காரர் வயதை எப்படி நிரூபிப்பார்? 1841, 1851 கணக்கெடுப்பில் என் பெயரைத் தேடிப் பாருங்கள் என்று மனுப் போட்டார். அப்பா பெயர், அம்மா பெயர், டவுன்லேண்ட் எல்லாம் எழுதிக் கொடுத்தார். குமாஸ்தா தேடிப் பார்த்துக் கிடைத்ததை எழுதிவைத்தார். மூலம் எரிந்துவிட்டது. அந்த மனுக்கள் பல்லாயிரக்கணக்கில் பிழைத்திருக்கின்றன, இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இதே ஓய்வூதியத்தின் இன்னொரு விளைவு கொஞ்சம் சிரிப்பை வரவழைக்கும். 1901இல் 55 வயது என்று சொன்ன ஆள் 1911இல் 70 என்பார். பத்து வருஷத்தில் பதினைந்து வயது கூடியிருக்கும். பொய் என்று உடனே சொல்லிவிட முடியாது. பலருக்கும் தங்கள் வயது சரியாகத் தெரியாது, பென்ஷன் வந்தபிறகுதான் யோசித்துப் பார்த்தார்கள். எந்த ஐரிஷ் வயதையும் முன்பின் ஐந்து வருஷம் விட்டுத்தான் தேட வேண்டும்.

அந்த 1911 தாளை ஒருமுறை முழுசாகப் பார்ப்பது நல்லது. குடும்பத் தலைவரே நிரப்பியது. பெயர், உறவு, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, வயது, தொழில், பிறந்த மாவட்டம், ஐரிஷ் பேசுவாரா. கல்யாணமான பெண்களுக்கு மூன்று கேள்விகள் கூடுதல்: கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை. இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கும்போது கொஞ்ச நேரம் அடுத்த வரிக்குப் போகத் தோன்றாது. வீட்டைப் பற்றி இன்னொரு தாள்: சுவர் எதனால் ஆனது, கூரை ஓலையா ஓடா, முன்பக்கம் எத்தனை ஜன்னல்.

கத்தோலிக்கர்களைத் தேடுபவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுடைய பதிவேடுகள் அரசு ஆவணமாக ஆகவே இல்லை, அதனால் 1922இல் எரியவில்லை. 2015இல் தேசிய நூலகம் அவற்றின் நுண்படங்களை இலவசமாக இணையத்தில் ஏற்றியது. ஆனால் மேற்குப் பகுதியில் பல பங்குகளில் ஏடே 1820க்குப் பிறகுதான் தொடங்குகிறது. லத்தீனில் எழுதியிருப்பார்கள். ஜேம்ஸ் அங்கே யக்கோபஸ், வில்லியம் குலியெல்முஸ். தேடுபொறியில் ஜேம்ஸ் என்று தட்டிவிட்டு இல்லை என்று வந்ததும் மூடிவிடக்கூடாது.

கண்டுபிடிப்புக்குப் பிறகு

மனிகால் செய்தி வெளியானபிறகு டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியோடு தொடர்புடைய ஆய்வாளர்கள் கார்னிகளை இன்னும் பின்னால் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டு டப்ளினில் மைக்கேல் கார்னி என்று டோப்பா செய்து விற்ற ஒருவர் வந்தார். ட்ரினிட்டியின் தலைவராக இருந்து பிறகு ஆசரி பிஷப்பான ஜான் கார்னியும் தூரத்துச் சொந்தம் என்றார்கள். செருப்புத் தையல், டோப்பா, பிஷப் எல்லாம் ஒரே குடும்பத்தில். பெரிய மனிதர்கள் எப்போதும் பக்கத்துக் கிளையில்தான் இருப்பார்கள் என்பது வம்சாவளிக்காரர்களிடையே நெடுநாள் வேடிக்கை.

2011 மே 23ஆம் தேதி ஒபாமா மனிகால் போனார். சுமார் 300 பேர் வசிக்கும் ஊர். கடைவீதியில் கைகுலுக்கினார், மனைவியோடு மதுக்கடையில் கின்னஸ் குடித்தார். வரவேற்க நின்றவர்களில் தூரத்துச் சொந்தக்காரரான ஓர் இளைஞரும் இருந்தார். ஆங்கிலக் கணக்கில் எட்டாவது கசின். நாம் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட என்று எண்ணினால் எட்டுவிட்ட அண்ணன் தம்பி! அதற்கு முந்தின டிசம்பரில்தான் டப்ளின் - லிமெரிக் நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தது. 2014இல் அந்த நெடுஞ்சாலை ஓரத்தில் ஒபாமா பெயரில் பெட்ரோல் பங்கும் சாப்பாட்டுக் கடைகளும் சேர்ந்த வளாகம் ஒன்று திறந்தது.

மனிகால் போன அதே நாள் மாலை ஒபாமா டப்ளினில் பேசியபோது, தான் மனிகால் ஒபாமாக்களில் ஒருவன் என்றும், வழியில் எங்கோ தொலைத்துவிட்ட, ஓ'சல்லிவனில் வருகிற மாதிரியான ஒற்றை மேற்கோள் குறியைத் தேடி ஊர் வந்திருப்பதாகவும் சொன்னார். கூட்டம் ஆர்ப்பரித்தது. ஐரிஷ் மொழியில் எழுதும் குடும்பப் பெயரில் அந்தக் குறியே கிடையாது. 'ஓ' எழுத்தின் தலையில் சாய்வாக ஒரு கோடு மட்டும். மேற்கோள் குறி ஆங்கிலத்தில் எழுதியபோது வந்து ஒட்டிக்கொண்டது. தொலைந்த 'ஓ' ஒன்று அந்தக் குடும்பத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஒபாமாவுடையது அல்ல, கார்னியுடையது. பதிவேட்டில் அகப்படுகிற காலத்திலேயே அவர்கள் வெறும் கார்னிதான்.